மூன்று வயதுப் பிள்ளைக்குத் தடுமம்: இருமல் டானிக் கொடுக்கலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மூன்று வயது மகளுக்கு நாலு நாளாகத் தடுமம், இருமல். ராத்திரிதான் அதிகம். லேசாகக் காய்ச்சலும் உண்டு. போன வருஷம் மூத்தவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் டானிக் அரைப் பாட்டில் வீட்டில் கிடக்கிறது. அவனுக்கு ஏழு வயது. அதில் பாதி அளவு கொடு என்கிறார்கள் அத்தை. சிரப் குடித்துப் பிள்ளைகள் இறந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பாட்டிலைத் தொடவே பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா அண்ணாச்சி? எந்த சிரப் நல்லது?"

கொடுக்க வேண்டாம். மூத்தவன் பாட்டிலும் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கவும் வேண்டாம். மகள் சிரமமில்லாமல் மூச்சு விடுகிறாளா, தண்ணீரோ கஞ்சியோ குடிக்கிறாளா, வழக்கம்போல ஒன்றுக்குப் போகிறாளா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் தடுமம் தானாகப் போய்விடும். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும், மருந்துக்கடைக்கு அல்ல. நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் மருந்துக்கடையில் நிற்கிறேன். விற்கிற இடத்தில் நின்றுகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

காரணத்தைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு அத்தையிடம் உங்களால் பதில் பேச முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறு பிள்ளைகளுக்கு வருகிற தடுமம் கிட்டத்தட்ட எல்லாமே வைரஸால் வருவதுதான். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை வந்தால்கூட அது இயல்பு. அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போக ஆரம்பித்த முதல் வருஷம் இன்னும் கூடும். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பித்தால் மார்கழிப் பனி முடிகிறவரை ஒரு வீட்டில் மாற்றி மாற்றி யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார்கள். வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மூக்கொழுகல் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட இழுக்கும். உங்கள் மகள் இப்போது நாலாம் நாளில் இருக்கிறாள், அதாவது உச்சத்தைத் தாண்டுகிற இடத்தில். இன்றைக்கு ஒரு சிரப்பை ஆரம்பித்தால் மூன்று நாளில் குறையும், பேர் சிரப்புக்குப் போகும். கொடுக்காவிட்டாலும் அதே மூன்று நாளில் குறையும். 'அந்த டானிக் கொடுத்தாத்தான் எம் பிள்ளைக்குக் கேக்கும்' என்று பாட்டில் பேரைச் சொல்லி வந்து நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அதை லேபிளிலேயே அச்சடிக்க வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையின் தலைமை இயக்குநரகம் இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொன்னது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவும் கூடாது, விற்கவும் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை, அதற்கு மேலும் டாக்டர் பார்த்துத்தான், குறைந்த நாள், குறைந்த அளவு, பல மருந்தை ஒன்றாகச் சேர்க்காமல். மூன்று வயது என்பது இந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வருகிறது.

சரி, அந்தப் பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ஈச் 5 மி.லி. கன்டெய்ன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும். முன்பக்கத்துப் பேர் கம்பெனி வைத்தது. ஒரே பேரில் கடைசியில் ஓர் எழுத்தோ, 'பிளஸ்', 'டி' என்றோ மட்டும் மாறினால் உள்ளே முழுக்க வேறு மருந்து இருக்கலாம். பின்பக்கத்தில் வழக்கமாக வருகிறவை இவை. குளோர்பெனிரமின் போன்ற அலர்ஜி மருந்து. மூக்கொழுகலைக் கொஞ்சம் உலர்த்தும், தூக்கத்தைக் கொடுக்கும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மூளையில் இருமல் எழுகிற இடத்தை மட்டுப்படுத்தும். ஃபினைல்எஃப்ரின், மூக்கடைப்புக்கு என்று சேர்ப்பது, ரத்த அழுத்தத்தைக் கூட்டும். ஆம்ப்ராக்ஸால், புரோம்ஹெக்ஸின், குவாய்ஃபெனிசின்; சளியை இளக்குவதற்கு. டெர்பியூட்டலின், லெவோசால்பியூட்டமால், இவை மூச்சுக்குழல் சுருங்கி வீசிங் வரும் பிள்ளைக்கானவை, சும்மா தடுமத்துக்குக் கொடுத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமாலையும் சேர்த்துவிடுவார்கள்.

இருமலை அடக்குகிற மருந்தையும் சளியை இளக்கி வெளியே தள்ளுகிற மருந்தையும் ஒரே பாட்டிலில் போட்டு விற்கிறார்கள். இளக்கிய சளி இருமினால்தானே வெளியே வரும்? இருமலையும் அடக்கிவிட்டால் அது எங்கே போகும்? இத்தனை வருஷம் விற்றும் இதற்கு யாரும் எனக்குச் சரியாக விளக்கம் சொன்னதில்லை.

'குடுத்த உடனே நல்லாத் தூங்குதா' என்று தாய்மார் சொல்வதும் இங்கேதான் வருகிறது. அது குணம் இல்லை, அலர்ஜி மருந்தின் மயக்கம். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக, ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஆட்டம் போடும். மயக்கத்தில் கிடக்கிற பிள்ளையிடம் இன்னொரு சங்கடமும் உண்டு. மூச்சுத் திணறலால் சோர்ந்து கிடக்கிறதா, மருந்தால் தூங்குகிறதா என்று பக்கத்தில் இருக்கிற உங்களுக்கே தெரியாது.

நீங்கள் பயந்த அந்தச் செய்திக்கு வருகிறேன். பயந்ததில் நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு அரசு அக்டோபர் 1 அன்று விற்பனையை நிறுத்தியது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சை இங்கே ஆய்வகத்தில் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். கணக்குப் போட்டால் 5 மில்லி சிரப்பில் கிட்டத்தட்ட இரண்டரை கிராம் விஷம்.

சிரப்பில் மருந்தைக் கரைக்கவும் கெட்டியாக வைக்கவும் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின் மாதிரி இனிப்பான திரவங்கள் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். டைஎத்திலீன் கிளைகால் தொழிற்சாலைச் சரக்கு, பிரேக் ஆயில் போன்றவற்றில் போவது. அதுவும் நிறமில்லாமல், இனிப்பாக, கெட்டியாகத்தான் இருக்கும். வந்த டிரம்மைச் சோதிக்காமல் ஊற்றினால் கதை முடிந்தது. உடம்புக்குள் போனதும் அது வேறு அமிலமாக மாறிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழிக்கும். முதலில் வாந்தி, வயிற்றுவலி, அப்புறம் ஒன்றுக்குப் போவது குறைந்து நின்றுவிடும். இது புதிதாக வந்த ஆபத்தும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது இதே பொருள்தான். 1972இல் சென்னையில் 14 பிள்ளைகள், 2022இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான். ஒவ்வொரு தடவையும் மருந்துக்குள் போகக்கூடாத சரக்கு உள்ளே போனதுதான் காரணம்.

இதை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா என்றால் முடியாது. நிறத்திலும் வாசனையிலும் தெரியாது. நக்கிப் பார்த்தாலும் தெரியாது. கடையில் நிற்கிற என்னாலும் முடியாது. உங்களால் ஆவது இவ்வளவுதான்: எந்தத் தண்ணி மருந்து வாங்கினாலும் பில் கேளுங்கள், அதில் பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள், பாட்டில் லேபிளை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டிக்கடையில் வாங்காதீர்கள். சிரப் குடித்த பிள்ளை வாந்தி எடுத்து, அரை நாளாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் ஒன்று. விஷம் கலந்த பாட்டில் எப்போதோ ஒரு தடவை வருவது. சரியான மருந்தைத் தப்பான அளவில் கொடுப்பது தினமும் நடக்கிறது, அது செய்தியில் வருவதில்லை. தேவையில்லாத சிரப்பைக் கொடுக்காமல் இருந்தால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். அதனால்தான் 'எந்த சிரப் நல்லது' என்ற கேள்விக்கு நான் ஒரு பேரும் சொல்லவில்லை.

தப்பான அளவுக்கு நல்ல உதாரணம் பாராசிட்டமால். உங்கள் மகளுக்கு லேசாகக் காய்ச்சல் இருப்பதால் இது உங்களுக்கு நேரடியாகவே பயன்படும். பாராசிட்டமாலை வயதுக்குக் கொடுப்பதில்லை, எடைக்குக் கொடுப்பது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு தடவைக்கு. மகள் 12 கிலோ இருந்தால் 120 முதல் 180 மில்லிகிராம். இனி கடைக்கு வாருங்கள். அதே பாராசிட்டமால் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கிற சிரப்பாகவும் வருகிறது, 5 மில்லியில் 250 இருக்கிற சிரப்பாகவும் வருகிறது, ஒரு மில்லியிலேயே 100 இருக்கிற சொட்டு மருந்தாகவும் வருகிறது. முதல் பாட்டிலில் இவளுக்கு 5 முதல் 7.5 மில்லி. இரண்டாவதில் இரண்டரை முதல் மூன்றரை மில்லிதான். மூன்றாவதில் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவில் ஆரம்பித்து ஒன்றேமுக்கால் வரை. 'எப்பவும் ஒரு மூடிதானே' என்று சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும், பெரியவர்கள் போடுகிற ஒரு முழு மாத்திரை. ஆகவே மூடியை எண்ணாதீர்கள், லேபிளில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை என்றால் கடையில் கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் 'இவ்வளவு மில்லி' என்று எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுக்க எந்தக் கடைக்காரரும் சலித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு தடவைக்கு நடுவில் குறைந்தது நாலு மணி, முடிந்தால் ஆறு மணி நேரம். ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம்.

இதில் வருகிற பெரிய கண்ணி: காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் சிரப், சளிக்கு என்று இன்னொரு சிரப், அந்தச் சளி சிரப்புக்குள்ளும் பாராசிட்டமால். இரண்டு நாள், மூன்று நாள் இப்படிப் போனால் ஈரல் தாங்காது. உங்கள் வீட்டில் கிடக்கிற பாட்டிலையும் பாருங்கள், பட்டியலில் அந்தப் பேர் இருந்தாலும் இருக்கும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும் போதும், அதுவும் பிள்ளை சிணுங்கிக்கொண்டு முடியாமல் கிடந்தால். சூடு லேசாக இருந்து விளையாடிக்கொண்டிருந்தால் அதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் டெங்கு இருக்கும் என்பதால் மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் கலந்த காய்ச்சல் மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

'அவனுக்குக் கொடுத்ததில் பாதி' என்ற அத்தையின் கணக்கு ஏன் உதவாது என்பது இப்போது புரிந்திருக்கும். ஏழு வயதுப் பையனுக்கு அன்றைக்கு வீசிங் இருந்து, அதற்கான மருந்தை டாக்டர் எழுதியிருக்கலாம். இவளுக்கு அது தேவையே இல்லாத மருந்தாக இருந்தால் பாதி என்ன, கால் என்ன? அப்புறம் பாட்டிலில் அச்சடித்த காலாவதித் தேதி மூடியை உடைக்காத பாட்டிலுக்குத்தான். திறந்து, வாய்வைத்த மூடியைத் திரும்பப் போட்டு, அடுப்படி அலமாரியில் ஒரு வருஷம் கிடந்த சிரப்புக்கு அந்தத் தேதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொடியில் தண்ணீர் கலக்கிற ஆன்டிபயாட்டிக் சிரப் என்றால் இன்னும் மோசம், அமாக்ஸிசிலின் போன்றவை கலக்கி ஒரு வாரம்தான். தடுமத்துக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சளி மஞ்சளாக, பச்சையாக மாறிவிட்டது என்பதால் மட்டும் அது பாக்டீரியா ஆகிவிடாது. தடுமம் பழுத்து இறங்குகிறபோது நிறம் அப்படித்தான் மாறும்.

டாக்டரே பார்த்து ஏதாவது சிரப் எழுதினால், கொடுக்கிற விதம் முக்கியம். அடுப்படி ஸ்பூன் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு. ஒன்றில் மூன்று மில்லி பிடிக்கும், ஒன்றில் எட்டு. பாட்டிலோடு வருகிற அளவு மூடியைச் சமதளத்தில் வைத்து, குனிந்து கண்ணுக்கு நேராகக் கோட்டைப் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்து ஊற்றினால் கோடு ஏமாற்றும். அதைவிடச் சுலபம் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச். கடையில் கேட்டால் கொடுப்போம், ஊசியை அங்கேயே கழற்றிப் போட்டுவிடுங்கள். சிரிஞ்ச் நுனியில் சின்ன மூடி இருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள், பிள்ளை தொண்டையில் சிக்கும்.

நம் ஊரில் ஆச்சிமார் மருந்து கொடுக்கிற விதம் எல்லாருக்கும் தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்கால் மேல் மல்லாக்கப் போட்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து கத்துகிறபோது சங்கிலோ பாலாடையிலோ இருந்து ஒரே ஊற்று. கத்துகிற பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும், அதோடு மருந்தும் நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். நேரமாகும், பரவாயில்லை. கொடுத்த ஐந்து பத்து நிமிடத்துக்குள் முழுவதையும் கக்கிவிட்டால் ஒரு தடவை திரும்பக் கொடுக்கலாம். அரைமணி ஆகிவிட்டால் விட்டுவிடுங்கள். யார் கொடுத்தது, எத்தனை மணிக்கு என்று காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். நீங்கள் ஒரு தடவை, தெரியாமல் அத்தை ஒரு தடவை என்று இரட்டிப்பு ஆவது ரொம்பச் சகஜம்.

மருந்தை 'மிட்டாய்த் தண்ணி' என்று ஆசைகாட்டிக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ராபெர்ரி வாசனை வேறு, கை எட்டினால் முழுப் பாட்டிலையும் குடித்துவிடும். அப்படிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். 'நல்லாத்தானே இருக்கா' என்று இருந்துவிடவும் கூடாது. பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, ஈரல் பாதிப்பு அப்புறம்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து உண்டு, எட்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி, சிரப் இல்லாமல் ராத்திரியை எப்படிக் கடத்துவது? மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து, 0.65 சதவீத சலைன் என்று கேளுங்கள், விலை அதிகமில்லை. தூங்கப் போகும் முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும் மூக்குத் துளை ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டு, இளகியதும் துடைத்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கஞ்சி, ரசம், எது இறங்குகிறதோ அது. இருமலுக்குத் தேன் நல்ல மருந்து. மகளுக்கு மூன்று வயது என்பதால் படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் கொடுக்கலாம். அமெரிக்காவில் 2007இல் வந்த ஓர் ஆய்வில் ராத்திரி இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைவிடத் தேன் குறைவாக வேலை செய்யவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காணி மக்கள் எடுத்து வருகிற மலைத்தேன் கிடைத்தால் சந்தோஷம், கடைத்தேன் ஆனாலும் சரி.

ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற நோயின் கிருமி வித்து தேனில் இருக்கலாம், சுடவைத்தாலும் சாகாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும். பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கிறதிலும் தேனைத் தவிர்க்க வேண்டியது இதனால்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், உரைமருந்தும் சேர்த்துத்தான்.

பெரிய பிள்ளைக்குச் சுக்கு, கருப்பட்டி போட்டு லேசாகக் கொதிக்க வைத்த தண்ணீரோ, ஓமவல்லி இலைச் சாறு கொஞ்சம் தேனோடோ கொடுத்தால் தடுக்க மாட்டேன். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். தடுமத்துக்கு வாழைப்பழம் ஆகாது, தயிர் ஆகாது என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அதற்காக அத்தையோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம், ஒரு வாரம் பழம் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. மல்லுக்கு நிற்க வேண்டிய விஷயங்கள் வேறு. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரும், தைல டப்பாக்களிலும் அது இருக்கிறது, இரண்டு வயதுக்குள் அவை வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது. நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். கொதிக்கிற பானையை முன்னால் வைத்துப் போர்வையை மூடி ஆவி பிடிக்கவைப்பது; ஒரு தட்டு தட்டினால் பிள்ளை தொடை வெந்துவிடும். குளிப்பாட்டியதும் அறையை அடைத்துச் சாம்பிராணிப் புகை போடுவதையும் இருமல் தீருகிறவரை நிறுத்தி வையுங்கள்.

புகை என்றதும் நம் பக்கத்தில் அதிகமாக இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிற வீடு எத்தனையோ உண்டு. தாய் மடியில் சுளகை வைத்து இலைக்குள் புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பாள், பிள்ளை தொடையை ஒட்டிப் படுத்திருக்கும். மாதக்கணக்கில் இருமல், மூன்று நாலு சிரப் மாற்றியாயிற்று, நிற்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் பீடி சுற்றுகிறீர்களா, பிள்ளை எங்கே படுக்கிறது என்பதைத்தான். வேலையை விடச் சொல்ல எனக்கு வாய் கிடையாது, அடுப்பு அதில்தான் எரிகிறது. பிள்ளையை வேறு அறையில் போடலாம், சுற்றுகிற இடத்தை வாசல் திண்ணைக்கு மாற்றலாம், கையையும் முகத்தையும் கழுவிவிட்டு, சேலையை மாற்றிவிட்டுத் தூக்கலாம். அப்பா வீட்டுக்குள் குடிக்கிற சிகரெட்டுக்கும் கொசுவர்த்திக்கும் இதே பேச்சுதான்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன், இதை இன்றைக்கு ராத்திரியே செய்து பாருங்கள். மகள் தூங்குகிறபோது சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் நேரம் பார்த்து ஒரு முழு நிமிடம், வயிறும் நெஞ்சும் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, இரண்டு மாதத்துக்குள் 60. காய்ச்சல் கொதிக்கிறபோதும் அழுகிறபோதும் எண்ணினால் கணக்குத் தப்பும். எண்ணிக்கை தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒன்றும் குடிக்க முடியாமல் போனாலோ, எல்லாவற்றையும் கக்கினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் சரியாக முழிக்காவிட்டாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். உங்களுக்கு அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி பக்கம், அங்கிருந்து தேவையென்றால் பாளை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கிற கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே காட்ட வேண்டும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும் காட்டுங்கள். உங்கள் மகளுக்கு நாலாம் நாளும் சூடு இருக்கிறது என்றால், எவ்வளவு லேசாக இருந்தாலும், நாளைக் காலையில் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காசநோய், ஆஸ்துமா இரண்டையும் பார்க்கச் சொல்வார்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை கடலையோ பட்டாணியோ வாயில் போட்டுத் திடீரென்று புரையேறி, அப்புறம் இருமல் நிற்கவே இல்லை என்றால் அது தடுமம் இல்லை, மூச்சுக்குழலில் சிக்கியிருக்கிறது. அதற்கு எந்த சிரப்பும் கேட்காது.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்துப் பாட்டிலையும், மூத்தவனுடைய அந்த அரைப் பாட்டிலையும், ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எதை, எத்தனை மில்லி, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிய தாளையும் காட்டுங்கள். மகள் எடையை அங்கே போட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை கடைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது அந்த எடையைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லாமலே குணமாகிவிட்டால் அந்தப் பாட்டிலைத் திறந்து மண்ணிலோ மரத்தூளிலோ ஊற்றி, லேபிளைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். தாமிரபரணியில் ஊற்ற வேண்டாம்.